பெயரைச் சொல்லாமல்தான் எழுதினேன், ஊர் கண்டுபிடித்துவிட்டது

கேள்வி: மலைச்சாரல்
(முதல் மறுமொழிக்குப் பிறகு திருத்தப்பட்டது)

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டப்புறப் பட்டணம் ஒன்றில் தனியாக ஆலோசனை நிலையம் நடத்துகிறேன். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவள். ஊர் சிறியது. ஒரே கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, வாரம் ஒருமுறை இரவுச் சந்தை. சுற்றியிருந்த தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட போதிலும், இன்னார் இன்ன தோட்டத்துக்காரர், இன்ன லயத்தில் இருந்தவர், இன்னார் வீட்டில் பெண் எடுத்தவர் என்பதெல்லாம் இன்றைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்.

நிலையத்தின் முகநூல் பக்கத்தில் வாரம் ஒரு கட்டுரை எழுதி வந்தேன். மனச்சோர்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை, பதற்றத்தால் நெஞ்சு படபடப்பது செய்வினை இல்லை என்று நம் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் குறைவு என்பதால்தான் தொடங்கினேன். வெறும் விளக்கமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஒரு மனிதரின் கதையோடு சேர்த்து எழுதினால் படிக்கிறார்கள், பகிர்கிறார்கள், மறுநாளே அழைத்து நேரம் கேட்கிறார்கள். ஆகையால் என்னை நாடி வருபவர்களின் அனுபவங்களை, பெயரையும் வயதையும் வேலையையும் மாற்றி எழுதும் பழக்கம் ஏற்பட்டது.

அண்மையில் அவ்வாறு ஒருவரைப் பற்றி எழுதினேன். (இந்த இடத்தில் இருந்த நான்கு வரிகளை நீக்கிவிட்டேன். காரணத்தைக் கீழே காண்க.) பதிவேற்றி நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. “இது நமக்குத் தெரிஞ்சவங்க கதை மாதிரியே இருக்கே” என்று ஒருவர் பின்னூட்டம் இட்டார். அதற்கடியில் இன்னொருவர் “நானும் அதான் நெனச்சேன்” என்றார். நான் பார்த்ததும் பதிவை நீக்கினேன். அதற்குள் அதன் ஸ்கிரீன்ஷாட், நானும் இருக்கிற ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து விழுந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர் அடுத்த சந்திப்புக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அவரை நான் தொடர்புகொள்ளலாமா? தொடர்புகொண்டால் என்னவென்று சொல்வது? அந்தக் குழுவில் “இது அவர் அல்ல” என்று மறுத்து எழுதலாமா? இனிமேல் எழுதுவதை விட்டுவிடத்தான் வேண்டுமா? இத்துறையில் உள்ளவர்களும், இவ்வாறு ஆலோசனை பெற்ற அனுபவம் உள்ளவர்களும் மனம்விட்டுச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆலோசகர், ஈப்போ

தங்கைக்கு, மற்ற எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் கேள்வியின் மூன்றாவது பத்தியில், அவரை அடையாளம் காட்டிக் கொடுத்தது எது என்று விளக்குவதற்காக, அவர் தினமும் கையில் எடுத்துச் செல்லும் ஒரு பொருளையும் அவர் வேலைக்குப் போகும் விதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். முகநூலில் நடந்த தவறே இங்கும் நடந்திருக்கிறது. உடனே நீக்குங்கள். இதைக் கண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. உதவி கேட்கும் பதற்றத்தில் நம்மில் பலருக்கும் வாய் தவறுவது இப்படித்தான். சக ஆலோசகர்கள் மட்டும் இருக்கும் குழுக்களில்கூட இதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர், வயது, வேலை ஆகிய மூன்றையும் மாற்றினால் போதும் என்று நமக்குப் பயிற்சிக் காலத்தில் சொன்னவர்கள் பெருநகரத்தை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். கோலாலம்பூரில் கணவரை இழந்த நாற்பது வயதுப் பெண் என்றால் அது ஆயிரம் பேராக இருக்கலாம். உங்கள் ஊரில் அது மூன்று பேர். அந்த மூவரில் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பழக்கம் போதும். உங்கள் எழுத்துக்கு உயிர் கொடுத்த அந்த ஒரு வரிதான் அவரைக் காட்டிக் கொடுத்தது. எதை எழுதினால் வாசகர் நெகிழ்வாரோ அதுவே அண்டை வீட்டுக்காரருக்கு அடையாளமாகிறது. இரண்டு மூன்று பேரின் கதைகளைக் கலந்து ஒருவராக்கினால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதனால் ஆபத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சிற்றூரில், கலந்த கதையைப் படித்துவிட்டு அதற்கு முற்றிலும் தொடர்பில்லாத நான்காவது ஒருவரை ஊர் சுட்டிக்காட்டியதும் உண்டு.

இனி, அவரைத் தொடர்புகொள்வது பற்றி. கட்டாயம் தொடர்புகொள்ளுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், நீங்களும் ஊரோடு சேர்ந்துவிட்டதாகத்தான் அவர் நினைப்பார். ஆனால் புலனத்தில் நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிடாதீர்கள். அவருடைய கைப்பேசியை வீட்டில் யார் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. முதல் சந்திப்பில், எந்த எண்ணில், எந்த நேரத்தில், எந்த முறையில் அழைக்கலாம் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்திருப்பீர்கள். அந்த முறையிலேயே அழையுங்கள். எடுப்பவர் வேறு யாராக இருந்தாலும் நிலையத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். அவரே எடுத்தால், நேரில் பேச வேண்டும், தவறு என்னுடையது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் சந்திக்கும்போது காரணங்களை அடுக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள்: என்ன எழுதினேன், எப்போது நீக்கினேன், எங்கெங்கே பரவியது எனக்குத் தெரியும், அதற்கு மேல் எதுவரை போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உங்களோடு தொடர அவருக்கு விருப்பமில்லை என்றால் ஈப்போவில் வேறொருவரிடம் அனுப்பி வைக்கும் வழியையும் அவர் முன் வையுங்கள். ஆலோசகர் வாரியத்திடம் முறையிடும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இது கசப்பாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முன்னால், உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள். இதைத் தனியாகச் சுமக்கக்கூடாது.

குழுவில் மறுப்பு எழுதவே எழுதாதீர்கள். “இது அவர் அல்ல” என்பதும் ஒரு தகவல்தான். இன்றைக்கு ஒருவரை இல்லை என்று சொல்லிவிட்டால், நாளை வேறொருவரைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் மௌனமாக இருப்பதே ஆமாம் என்றாகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டை நீக்கச் சொல்லிக் கேட்பதும் அதே விளைவைத்தான் தரும். உங்கள் அத்தை கேட்டாலும் கோயில் தலைவர் கேட்டாலும் பதில் ஒன்றே: யார் என்னிடம் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது பற்றி நான் பேசுவதில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் இதே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தால்தான், ஒளிக்க வேண்டிய நேரத்தில் அது இயல்பாக ஒலிக்கும்.

---

மறுமொழி 2: குலை லோரி

நான் இந்தத் துறையில் உள்ளவன் அல்லன். இரண்டு ஆண்டுகள் ஒருவரிடம் ஆலோசனை பெற்றவன். என் கதை என்னுடையது என்பதால் இங்கே சொல்கிறேன்.

என்னை அந்த நிலையத்துக்கு அழைத்துச் சென்றதே முகநூலில் வந்த ஒரு தமிழ்க் காணொலிதான். அதைப் பார்த்திராவிட்டால் நான் இன்றைக்கு என்னவாகியிருப்பேன் என்று தெரியாது. ஆகையால் எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னைக் காட்டிக் கொடுத்ததும் அதே பக்கம்தான். ஒரு சனிக்கிழமை அங்கே ஏதோ பயிலரங்கம் நடந்திருக்கிறது. முன்னால் நிற்பவர்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்னால், நடைக்கூடத்தின் நாற்காலியில், முதுகைக் காட்டியபடி நான் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியவில்லை. ஆனால் நான் போட்டிருந்தது தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் குழுவில் அடித்த மஞ்சள் சட்டை. முதுகில் குழுவின் பெயர், அதற்குக் கீழே வேல். அந்தச் சட்டை எங்கள் ஊரில் மொத்தம் பதினெட்டுப் பேரிடம் இருக்கிறது. என் தங்கைதான் முதலில் பார்த்தாள். அன்று மாலை அம்மா சமையற்கட்டில் நின்றுகொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, “ஒனக்கு என்னப்பா செய்யுது?” என்று கேட்டார். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஆறு மாதமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை எனக்கில்லாமல் செய்துவிட்டார்கள்.

அந்த நிலையத்தார் நல்லவர்கள். கேட்டதும் படத்தை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும், பக்கத்துக்கு நான் இட்ட விருப்பக்குறிகள் என் நண்பர்களின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு பின்னூட்டம் இட்டாலே, ஊரார் அவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இதை உங்களிடம் வருபவர்களுக்கு முதல் நாளே யாராவது சொல்ல வேண்டும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

---

மறுமொழி 3: மனநலப் பிரிவுத் தாதி

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உலு கிந்தா மனநல மருத்துவமனைக்குப் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் சூட்டியிருந்தாலும், நம் சனங்களின் வாயில் அது தஞ்சோங் ரம்புத்தான்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதற்கு அந்த ஊரின் பெயர் ஒன்றே போதும். இந்தச் சூழலில் ஒருவர் மனநலச் சிகிச்சைக்குப் போனார் என்று வெளியே தெரிவது, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறார் என்று தெரிவது போன்றதன்று. பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். வேலையிடத்தில் கிசுகிசு கிளம்புகிறது. தற்கொலைக்கு முயல்வதையே குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதுவரை, மகன் விஷம் குடித்ததை மறைத்து, தவறுதலாகக் குடித்துவிட்டான் என்று தாய் சொன்னதற்குக் காவல்துறையும் ஒரு காரணம். சட்டம் மாறிவிட்டது, அந்தப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது.

மேலே மூத்தவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆலோசகர்கள் எல்லாரும் பயந்து வாயை மூடிக்கொண்டால், அந்த இடத்தை நிரப்ப டிக்டாக்கில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுபவர்கள் இரவு பகலாகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதரை விட்டுவிட்டு நோயை எழுதுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி அதற்குமேல் தூக்கம் வராமல் போவது, பிடித்த சாப்பாடு வாயில் மண்ணாக இருப்பது, குளிக்கப் போவதே மலையேறுவது போல் இருப்பது; இவை எவருடைய சொத்தும் அல்ல. மனச்சோர்வு கண்ட எவரும் படித்துவிட்டு, இது நான்தான் என்பார். ஊரார் எவரும் படித்துவிட்டு, இது இன்னார் என்று சொல்ல முடியாது. மருந்து எத்தனை வாரத்தில் வேலை செய்யத் தொடங்கும், அரசாங்கக் கிளினிக்கில் முதல் நாள் என்ன கேட்பார்கள், எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை எழுதினாலே நம்மவர்களுக்குப் பேருதவி.

தகவல் கசிவது வெளிப்படையான பதிவுகளால் மட்டும் அல்ல. நான் பணியாற்றிய ஒரு வார்டில் சக ஊழியரின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் படம் எடுத்தோம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நான்கைந்து பேர் தங்கள் புலன நிலைப்பதிவில் போட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தோழி அழைத்து, பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையைப் பெரிதாக்கிப் பார் என்றாள். கட்டில் எண், பெயர், பக்கத்தில் சிவப்பு மையில் மருந்து. மெழுகுவத்திக்கு நேர் மேலே அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து வார்டுக்குள் நான் கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்ததில்லை.

---

மறுமொழி 4: வழக்குரைஞர்

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அரசாங்க மருத்துவமனைத் தாதியரின் நிலை வேறு, கட்டணம் பெற்றுத் தனியாக நிலையம் நடத்தும் உங்கள் நிலை வேறு. உங்களுக்கு அது பொருந்தும். ஒருவரின் உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை அச்சட்டம் நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாக வகைப்படுத்தி, அதைக் கையாள்வதற்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2024ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தால், சட்டத்தின் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச தண்டனை 10 லட்சம் வெள்ளி அபராதமாகவும் 3 ஆண்டுச் சிறையாகவும் உயர்ந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது வேறொன்று. தனிநபர் தரவு என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பெயர் இருந்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்தத் தகவலைக் கொண்டோ, அதனோடு உங்கள் கைவசம் உள்ள பிற தகவலைச் சேர்த்தோ ஒருவரை அடையாளம் காண முடிந்தால் போதும். கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. எனவே, பெயரைக் குறிப்பிடவில்லை என்பதை மட்டும் ஒரு வாதமாக நான் எந்த மன்றத்திலும் நம்பியிருக்க மாட்டேன். உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்குரைஞரைப் பார்த்துவிடுங்கள். பொது இடத்தில் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது.

---

மறுமொழி 5: ஓய்வுபெற்ற ஆலோசகர், ஈப்போ

ஒப்புதல் என்ற சொல் வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது உங்களிடம் ஆலோசனை பெற்றுக்கொண்டிருப்பவரிடம், உங்கள் கதையை எழுதட்டுமா என்று கேட்பதே தவறு என்பது என் துணிபு. அவர் உங்களை நம்பியிருக்கிறார். முடியாது என்று சொன்னால் நீங்கள் முகம் மாறிவிடுவீர்களோ என்று அஞ்சுவார். மரியாதைக்காகத் தலையாட்டுவது ஒப்புதல் ஆகாது. நம் சனங்களுக்கு, அதுவும் தோட்டத்தில் கிராணிக்கும் தண்டலுக்கும் தலையாட்டியே தலைமுறைகளைக் கடந்தவர்களுக்கு, படித்தவர் முன்னால் இல்லை என்று சொல்வது எத்தனை கடினம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ஆலோசனை முடிந்து நெடுநாள் கழித்து, அவராக முன்வந்து, தம் அனுபவத்தைத் தம் வாயால், தம் பக்கத்தில் சொல்ல விரும்பினால் அது அவருடைய உரிமை. மேலே நம் லோரித் தம்பி செய்திருப்பது அதுதான்.

மற்றொன்று, கைப்பேசி. சொந்த எண்ணிலேயே நிலையத்தையும் நடத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சிற்றூர் ஒன்றில் இருக்கும் மனநல மருத்துவரின் நோயாளிகளுக்கு, ஒருவரையொருவர் நண்பராக்கிக்கொள்ளுமாறு முகநூலே பரிந்துரைத்தது செய்தியானது. மருத்துவர் எதையும் பதிவிடவில்லை. எல்லாருடைய கைப்பேசியிலும் அவருடைய எண் இருந்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. நிலையத்துக்குத் தனி எண் வையுங்கள். அந்தக் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலை எந்தச் செயலிக்கும் திறந்து விடாதீர்கள். நாடி வருபவர்களின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள். ஏற்க மாட்டேன் என்பதை முதல் சந்திப்பிலேயே அன்போடு சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. அவர்களுடைய பக்கங்களை நீங்கள் தேடிப் பார்ப்பதும் வேண்டாம்.

---

மறுமொழி 6: மலைச்சாரல்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் முதல் மறுமொழியைப் படித்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த நான்கு வரிகளையும் நீக்கிவிட்டேன். அவற்றை இங்கே எழுதும்போது அது தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. தம்பி, உங்கள் அம்மா திரும்பிப் பார்க்காமல் கேட்ட அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேற்பார்வையாளரைச் சந்தித்துவிட்டேன். ஐயா சொன்ன முறையில் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டேன். அவர் வந்தாரா, என்ன சொன்னார் என்று தனிச்செய்தியில் பலர் அக்கறையோடு கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கேயோ தனிச்செய்தியிலோ நான் எழுதப்போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேற்றும் இன்றும் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் படித்துப் பார்த்தேன். முப்பத்தொரு பதிவுகளை நீக்கினேன். அவற்றில் பதினொன்றில், யாரென்று எனக்கே முதல் வரியில் தெரிந்தது. நிலையத்தின் முன்புறத்தைக் காட்டும் படங்களையும் எடுத்துவிட்டேன், ஏனெனில் இரண்டில் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்களின் எண்பலகை தெரிந்தது. பக்கத்தின் பொதுவான பின்னூட்டப் பகுதியை மூடிவிட்டேன். உட்பெட்டியைத் திறந்ததும், இது ஆலோசனைக்கான இடம் அல்ல, இரவில் யாரும் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணையோ 24 மணி நேரமும் இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பையோ அழையுங்கள் என்ற வரிகள் முதலில் தெரியுமாறு வைத்திருக்கிறேன். முதல் சந்திப்பில் கொடுக்கும் தாளில், பக்கத்துக்கு விருப்பக்குறி இட்டால் அது மற்றவர் கண்ணில் படலாம் என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்தேன். தனி எண்ணுக்கு நாளை கடைக்குப் போகிறேன்.

அடுத்த கட்டுரை, தாதி அக்கா சொன்னது போல, அரசாங்கக் கிளினிக்கில் முதல் நாள் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. அதை வெளியிடுவதற்கு முன் எங்கள் ஊரைச் சேர்ந்த, இத்துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் காட்டி, இதைப் படித்ததும் உங்களுக்கு யாருடைய நினைவாவது வருகிறதா என்று கேட்கவிருக்கிறேன். வந்தால் யார் என்று என்னிடம் சொல்ல வேண்டாம், எந்த வரியில் வந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்வேன்.